மேசையின் நடுவில் எதை வைப்பது? பீர்மேட்டு மண அலங்காரமும் அதன் கூலிக் கணக்கும்

தமிழர் கல்யாணப் பந்தியில் மேசைக்கு நடு என்று ஓர் இடமே கிடையாது. நீண்டு குறுகிய மேசை, அதன்மேல் உருட்டி விரித்த வெள்ளைத்தாள், ஒரே பக்கத்தில் நாற்காலிகள், மறுபக்கம் பரிமாறுவோர் நடக்கும் வழி. தலைவாழை இலையைப் போட்டுவிட்டால் தண்ணீர்க் குவளைக்கே இடம் தேட வேண்டியிருக்கும். பூச்சாடிக்கு அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை. இலையின் பச்சையும் அதன்மேல் வரிசையாக விழும் பதார்த்தங்களின் நிறங்களுமே அந்த மேசையின் அலங்காரம். உண்டு முடித்ததும் இலையோடு அதுவும் எடுக்கப்பட்டுவிடும்.

வரவேற்பு நிகழ்ச்சியின் வட்டமேசை வேறு வகையானது. எட்டுப் பேரோ பத்துப் பேரோ ஒருவரையொருவர் பார்த்தபடி அமர்கிறார்கள். எவர் கைக்கும் எட்டாத ஒரு நடுவட்டம் வெறுமையாக எஞ்சுகிறது. அந்த வெறுமையை நிரப்புவது இன்று மண்டப அலங்காரக் கணக்கில் தனி வரியாக எழுதப்படும் செலவு. இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு வட்டத்தில் நாட்கூலியை நம்பி வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்று அந்த வரியைப் படிக்கும்போது, அதை ரூபாயில் படிப்பதில்லை. எத்தனை நாள் கொழுந்தெடுப்பு என்றே படிக்கிறது.

கையாலேயே செய்துகொள்ளலாம் என்பது இதற்கு எளிய விடை. எளிதாகத் தோன்றும் இவ்விடைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. மண அலங்காரம் தமிழர் வாழ்வில் முதலில் விலைக்கு வாங்கும் பொருளாக இருக்கவில்லை. அது உற்றாரின் உழைப்பு. அவர்கள் ஒதுக்கிய நாள். உழைப்பாக இருந்தது பொருளாக மாறியதையும், பொருளான பின் கடனாக மாறியதையும் பீர்மேட்டு மலைச்சரிவில் படிப்படியாகக் காண முடிகிறது.

*மணலும் முளையும்*

சங்க இலக்கியத்தில் திருமணக் காட்சியை விரித்துரைக்கும் பாடல்கள் இரண்டு: அகநானூற்றில் நல்லாவூர் கிழார் பாடிய 86-ஆம் பாடலும், விற்றூற்று மூதெயினனார் பாடிய 136-ஆம் பாடலும். முதற்பாடலில் பந்தலின்கீழ்ப் புதுமணல் கொணர்ந்து பரப்பப்படுகிறது, விளக்கு ஏற்றப்படுகிறது, மாலைகள் தொங்கவிடப்படுகின்றன, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகின்றனர். இரண்டாம் பாடலில் அறுகும் மொட்டுகளும் வெண்ணூலில் சேர்கின்றன. இவற்றுள் எதுவும் அரிய பொருள் அன்று. மணலைச் சுமந்து வருவதற்கும், பந்தல் போடுவதற்கும், நூல் கோப்பதற்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகளின் திரட்சிதான் அங்கே மணவிழா.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல் இதற்கு நேர்மாறான செல்வச் சூழலைக் காட்டுகிறது. புகார் நகரத்துப் பெருவணிகர் வீட்டுத் திருமணம் அது. வயிரமணித் தூண்கள், நீலப்பட்டு விதானம், முத்துப்பந்தல் என எல்லாம் விலையுயர்ந்தவை. ஆயினும் அந்த முத்துப்பந்தலுக்குள்ளும் மகளிர் முளைப்பாலிகைகளை ஏந்தி வருகின்றனர். பொன் கொடுத்தும் உடனே வாங்கிவிட முடியாத ஒன்று முளை. தானியத்தை ஊறவைத்து, மண்கலத்தில் விதைத்து, நீர் தெளித்து, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். வணிகர் வீட்டாரும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

முளைப்பாலிகை இன்றும் பல சமூகத் திருமணங்களில் உயிரோடு இருக்கிறது. ஒருவேளை தமிழர் மண்டபத்தின் மிகப் பழைய 'நடு அலங்காரம்' என்று அதையே சொல்லலாம். மேசையின் நடுவில் அன்று. மணவறையின் நடுவில், பார்ப்போர் கண்கள் கூடும் இடத்தில் அது வைக்கப்படுகிறது. அதன் மதிப்பு அதற்காகச் செலவிட்ட நாட்களின் மதிப்பு. விழா முடிந்ததும் நீரில் கரைக்கப்படுவதால் குப்பையும் மிஞ்சுவதில்லை.

*மேசையின் நடு வெறுமையான கதை*

மேசைக்கு நடுவில் பூ வைக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் இன்றைய வடிவில் மிகத் தொன்மையானது அன்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஆங்கிலேயச் செல்வர் வீட்டு விருந்தில் உணவுப் பாத்திரங்கள் அனைத்தும் மேசைமீதே நிறைந்திருந்தன. அலங்காரம் அவற்றுக்கு இடையில்தான். பின்னர் உணவைப் பக்கத்து மேசையில் வைத்துப் பணியாளர் ஒவ்வொருவராகப் பரிமாறும் ரஷ்ய முறை பரவியது. பாத்திரங்கள் அகன்றதும் மேசையின் நடு காலியானது. அந்தக் காலியிடத்தைப் பழமும் பூவும் பெரணி இலையும் பிடித்துக்கொண்டன.

1861-இல் லண்டனில் அரச தோட்டக்கலைச் சங்கம் நடத்திய மேசை அலங்காரப் போட்டியில் தாமஸ் மார்ச் என்பவர் முதற்பரிசு பெற்றார். மெல்லிய கண்ணாடித் தண்டின்மேல் அடுக்காக அமைந்த தட்டுகளில் பூவும் பெரணியும் வழியும் அமைப்பு அது. 'மார்ச் தாங்கி' என்று அவர் பெயராலேயே அது புகழ்பெற்றது. அதே ஆண்டில்தான் திருமதி பீட்டனின் இல்லற மேலாண்மை நூலும் வெளிவந்தது. சாப்பாட்டு மேசையின் பூ, நடுத்தர வர்க்கத்துப் பெண்ணின் கடமைப் பட்டியலில் ஏறிய காலம் அது.

இங்கிலாந்தில் பெரணி மோகம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில், சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய தம் படநூலை 1863 முதல் வெளியிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச்சரிவுகள் அந்நூலின் முதன்மைக் களங்களுள் ஒன்று. லண்டன் மேசையில் நாகரிகச் சின்னமாக நின்ற செடியினம், பீர்மேடு போன்ற மலைகளில் ஓடைக்கரைதோறும் கேட்பாரின்றி வளர்ந்துகொண்டிருந்தது. வரவேற்பு மேசைக்குப் பெரணி விலைக்கு வாங்கப்படும் இக்காலத்தில் இந்த வரலாற்று முரணை நினைவில் கொள்வது நல்லது.

*துரை பங்களாவும் லயமும்*

பீர்மேட்டுப் பகுதியில் 1860-களில் காப்பித் தோட்டங்கள் உருவாகின. மலையடிவார முண்டக்கயம் பகுதியில் சமயப்பணி செய்துவந்த ஹென்றி பேக்கர் அதில் முன்னோடிகளுள் ஒருவர். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட காப்பி இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் காப்பி இருந்த சரிவுகளைத் தேயிலை பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளப்பட வேண்டிய பயிர். ஆகவே பருவத்துக்கு வந்துபோகும் ஆட்கள் போதவில்லை, குடும்பம் குடும்பமாகத் தங்கும் ஆட்கள் வேண்டியிருந்தனர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் வழியாகத் தமிழர் குடும்பங்கள் மலையேறின. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக ஏறும் பாதை அவர்களுடைய முதன்மை வழிகளுள் ஒன்று.

மலைமேல் இரு வகை வீடுகள் இருந்தன. ஒன்று, புல்வெளியும் பூந்தோட்டமும் சூழ்ந்த துரை பங்களா. மற்றது, ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த லயம். பங்களாவின் சாப்பாட்டு மேசைக்கு டேலியாவும் ஹைட்ரேஞ்சியாவும் நட்டு, நீரூற்றி, வெட்டிக்கொண்டு வந்தவர் லயத்தில் வாழ்ந்த தோட்டக்காரர். அந்த மேசையின் நடுவைச் செய்த கை, அந்த மேசையில் அமர்ந்ததில்லை. இன்று லயத்து வீடுகளின் முன்னுள்ள குறுகிய மண்பட்டையில் தகர டப்பாக்களிலும் உடைந்த வாளிகளிலும் அதே டேலியாவும் ஹைட்ரேஞ்சியாவும் பூத்திருப்பதைக் காணலாம்.

லயத்து வாழ்வு மணவிழாவின் வடிவத்தையும் மாற்றியது. சமவெளிச் சிற்றூரில் வீட்டு முற்றமே மணப்பந்தல். லயத்தில் எவருக்கும் தனி முற்றம் இல்லை. நிலமும் வீடும் தோட்டத்துக்கு உரியவை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் வீட்டைத் தொழிலாளிக்கு உரிமையாக்கவில்லை. ஆகவே கோயில் திடல், மாதா கோயில் வளாகம், பள்ளிவாசல் அருகு, பிரட்டுக் களம் என்று பொது இடமே மணவிடமாயிற்று. பொது இடத்தை அலங்கரிப்பது ஒரு வீட்டாரின் வேலையாக மட்டும் இருக்க முடியாது. இளைஞர் இரவெல்லாம் விழித்து மைதாப் பசை காய்ச்சி வண்ணத்தாள் ஒட்டுவதும், சணலில் முக்கோணத் தாள்களைக் கோத்துத் தோரணம் கட்டுவதும், பெண்கள் கூடி உட்கார்ந்து பூத்தொடுப்பதும் தமிழகச் சிற்றூர்களுக்குப் பொதுவான வழக்கங்கள். நெருக்கி அமைந்த லயங்களில் அவை இன்னும் நெருக்கமான கடப்பாடுகள். இன்று உன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் கை கொடுத்தால், நாளை என் வீட்டுக்கு நீ கொடுக்க வேண்டும்.

பணக் கடப்பாட்டுக்கு மொய் நோட்டு உண்டு. யார் எவ்வளவு செய்தார் என்பது எழுத்தில் நிற்கும். அடுத்த விசேஷத்தில் திரும்பிச் செல்லும். தோரணம் கட்டியவர் பெயர் எந்த மொய் நோட்டிலும் ஏறுவதில்லை. அந்தக் கணக்கு நினைவில் மட்டுமே வாழ்ந்தது. அதனால்தான் வரலாற்று ஆவணங்களில் கல்யாணக் கடன் விரிவாகத் தெரிகிறது. கல்யாண உழைப்பு ஏறக்குறைய தெரிவதேயில்லை. 1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம், இந்தியத் தொழிலாளர் கடன்படுவதற்குத் திருமணம் போன்ற சடங்குச் செலவுகளை ஒரு முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டது. கங்காணி கொடுக்கும் முன்பணத்தில் கல்யாணம் நடந்தால், அந்த முன்பணம் தீரும்வரை குடும்பம் அதே கங்காணியின் கணக்கில் கட்டுண்டு கிடக்கும். ஆவணம் எழுதியவர்கள் இதைத் தொழிலாளரின் ஊதாரித்தனம் என்று படிப்பதுண்டு. கையுழைப்பால் தவிர்க்கப்பட்ட செலவு எவ்வளவு என்பதை அவர்கள் கணக்கிட்டதில்லை.

*கிழக்கே பூ, மேற்கே ஓலை*

பீர்மேடு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. இந்த உயரம் மண அலங்காரத்துக்கு ஒரு தனி நிலவியலைத் தந்திருக்கிறது. இக்குளிரில் தென்னை செழிப்பதில்லை. ஆகவே குருத்தோலை மேற்கே முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளிச் சரிவுகளிலிருந்து ஏற வேண்டும். மல்லிகை மலைக்குரிய பூ அன்று. அது கிழக்கே கம்பம், தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து குமுளி வழியாக ஏற வேண்டும். கோட்டயத்தையும் குமுளியையும் இணைக்கும் சாலையில், கீழ்த்திசைப் பூவும் மேல்திசை ஓலையும் சந்திக்கும் மேடாகப் பீர்மேடு அமைந்திருக்கிறது. தமிழர் மணவறையின் வாழைமரமும் மாவிலையும், கேரள மணமண்டபத்தின் நிறைபறையும் தென்னம்பூக்குலையும் ஒரே மேடையில் நிற்பதற்கு இந்தச் சாலையே காரணம்.

இருபுறமிருந்தும் ஏறியவை பூவும் ஓலையும் மட்டுமல்ல. மேற்கிலிருந்து ஸ்ரீ நாராயண குருவின் சீர்திருத்தம் வந்தது. சிறுமியர்க்கு நடத்தப்பட்ட ஆடம்பரத் தாலிகெட்டுக் கல்யாணத்தை அவர் எதிர்த்தார். திருமணத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் கூட வேண்டியதில்லை என்று அறிவுறுத்தினார். கிழக்கிலிருந்து சுயமரியாதைத் திருமணம் வந்தது. அவ்வகையின் முதல் திருமணமாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது. புரோகிதர் இல்லை, சடங்கு வரிசை இல்லை, மேடை, பேச்சாளர், மாலை மாற்றுதல் ஆகியவை மட்டும். இரு இயக்கங்களின் மெய்யியலும் வேறு வேறு. கல்யாணத்தால் ஏழை கடன்படக் கூடாது என்னும் இடத்தில் இரண்டும் ஒன்றுபட்டன.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. இந்த எல்லை திருமணச் சட்டத்தையும் பிரித்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1967-ஆம் ஆண்டின் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாட்டில் சட்ட ஏற்பு அளித்தது. மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் இவற்றுள் ஒன்றே அதன்படி போதும். குமுளிக்குக் கிழக்கே செல்லும் அந்தப் பிரிவு குமுளிக்கு மேற்கே பொருந்தாது. ஆயினும் அதன் பின்னிருந்த கேள்வி எல்லை தாண்டியும் பொருந்துகிறது: ஒரு மணம் மணமாவதற்கு உண்மையில் எத்தனை பொருள்கள் வேண்டும்?

*வாங்கும் அலங்காரம்*

1990-களுக்குப் பின் மண அலங்காரம் வேகமாகச் சந்தைக்கு நகர்ந்தது. தெர்மாகோலில் வெட்டிய பெயர்கள், பிளாஸ்டிக் பூக்கள், வாடகைத் துணித் திரைகள், ஒளிப்படக்காரருக்கென்றே அமைந்த மேடைகள் ஆகியவை வந்தன. ஒளிப்படத்துக்கும் காணொளிக்கும் இதில் பெரும் பங்குண்டு. முன்பு அலங்காரம் வந்திருந்தோர் கண்ணுக்கு ஒரு நாள் நின்றது. இப்போது ஆல்பத்தில் என்றும் நிற்க வேண்டியதாயிற்று. மடங்கிய வண்ணத்தாளும் ஒரு பக்கம் சாய்ந்த தோரணமும் அன்று எவருக்கும் குறையாகத் தெரியவில்லை. படத்தில் அவை குறையாகத் தெரியலாயின.

இதே காலத்தில்தான் தேயிலை விலை சரிந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. தொழிலாளர் வேலை தேடிக் கீழிறங்கினர். லயத்திலிருந்து இளைஞர் வெளியேறியபோது, இரவெல்லாம் விழித்துத் தாள் ஒட்டும் கைகளும் வெளியேறின. கூட்டுழைப்பு குறைந்த இடத்தைத்தான் வாங்கும் அலங்காரம் பிடித்தது. ஆசை மட்டும் அதற்குக் காரணம் அன்று. ஆள் இல்லாமையும் காரணம். வருமானம் குறைந்த காலத்திலேயே செலவு கூடிய புதிர் இங்கேதான் அவிழ்கிறது.

எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு போராடியபோது, கேரளத் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பின் அது 301 ரூபாயாயிற்று. முகூர்த்த நாட்களில் மதுரைச் சந்தையில் மல்லிகை கிலோ 1,000 ரூபாயைத் தாண்டுவது வாடிக்கை. மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்தால் இன்னும் ஏறும். 301 ரூபாய்க் கூலியில் ஒரு கிலோ மல்லிகை மூன்று நாள் உழைப்புக்கும் மேல். ஒரு வரவேற்பில் 20 மேசைகள் என்றும், மேசைக்கு 300 ரூபாய் அலங்காரம் என்றும் வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய். அது ஏறக்குறைய 20 நாள் கூலி. ஞாயிறும் மழை நாளும் கழித்தால் ஒரு மாதத்துக்கு நெருக்கம். மூன்று மணி நேர வரவேற்பில் மேசை நடுவில் நின்று, மறுநாள் காலையில் குப்பைக்குப் போகும் பொருளின் விலை இது.

*மீண்டும் கைக்கு*

அண்மை ஆண்டுகளில் சூழல் மற்றொரு திருப்பம் கண்டிருக்கிறது. கேரள அரசு 2016-இல் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கம் திருமணங்களுக்கும் பசுமை நெறிமுறையை முன்வைத்தது. 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை வந்தது. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் தடைப் பட்டியலில் அலங்காரத் தெர்மாகோல் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. இடையில் பெருந்தொற்று, 2020 மே மாதத்தில் திருமணத்துக்கு 50 பேர் மட்டுமே என்று ஒன்றிய அரசு வரம்பிட்டது. சிறிய கூட்டத்தில் சிறிய செலவில் மணம் முடித்துக்கொள்ளலாம் என்று குரு சொன்னதை ஒரு நோய்க்காலம் நடத்திக் காட்டியது.

இத்தகைய சூழலில் கையால் செய்த மேசை அலங்காரம் மீண்டும் மதிப்புப் பெறுகிறது. அதற்கு வேண்டிய பொருட்கள் பீர்மேட்டின் வேலிகளிலும் தோட்டங்களிலும் இருக்கின்றன. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் இலை, பெரணியைப் போலவே பிளவுபட்டது. அடிப்பக்கம் வெள்ளி நிறம். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் முறுக்கேறிய கிளை, விறகாவதற்கு முன் ஒரு நாள் மேசைமேல் நிற்கத் தக்க வடிவுடையது. கோடை மழைக்குப் பின் பூக்கும் காப்பிப் பூ வெண்மையும் மணமும் உடையது. சில நாட்களே நிற்கும் என்பதால் மணநாளோடு பொருந்தி வந்தால் அது பேறு. ஹைட்ரேஞ்சியா ஒரே கொத்தில் ஒரு மேசையை நிரப்பிவிடும். காலையிலேயே வெட்டிக் காம்பை நீரில் ஆழ அமிழ்த்தினால் மாலைவரை வாடாது. பெரணி இலையையும் முன்கூட்டி நீரில் அமிழ்த்தி எடுக்க வேண்டும்.

பூவை நிறுத்தும் அடிக்கும் இதே நியாயம் பொருந்தும். கடைகளில் கிடைக்கும் பச்சை நிறப் பூநுரைக் கட்டி, 1950-களில் அமெரிக்காவில் உருவான செயற்கைப் பொருள், மண்ணில் மக்காது. வாழைத்தண்டை நான்கு விரல் உயரத்துக்கு நறுக்கி, அதில் துளையிட்டுக் காம்புகளைச் செருகினால், தண்டின் நீரே பூவைக் காக்கும். பந்திக்கு இலை தந்து, வாசலுக்கு மரம் தந்த வாழை, மேசைக்கு அடியும் தரும். பூவே வேண்டாதவர்க்கு முளைப்பாலிகை இருக்கிறது. சிறு மண்சட்டியில் பாசிப்பயறும் நெல்லும் விதைத்து ஒரு வாரம் நீர் தெளித்தால் 20 மேசைக்கும் பச்சை நடு கிடைத்துவிடும். விருந்தினர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் செய்யலாம்.

இங்கே இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது காடு பற்றியது. பீர்மேடு வட்டாரத்தை ஒட்டிப் பெரியாறு புலிகள் காப்பகம் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து பெரணியோ ஆர்க்கிடோ பறிப்பது சட்டப்படி குற்றம், சூழலுக்கும் கேடு. 'இலவசம்' என்பது வேலியோரத்துக்கும் சொந்தச் செடிக்கும், கேட்டுப் பெறும் அண்டை வீட்டுச் செடிக்கும் மட்டுமே பொருந்தும் சொல்.

இரண்டாவது எச்சரிக்கை ஆய்வாளருக்கு உரியது. கையால் செய்வது செலவற்றது என்று எழுதும்போது, அது யாருடைய கை என்று கேட்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுவோர் பெரும்பாலும் பெண்கள். பகல் முழுவதும் கிள்ளிய அதே விரல்கள்தான் இரவில் பூத்தொடுக்கின்றன, சட்டியில் பயறு விதைக்கின்றன, காலையில் கோலமிடுகின்றன. பகல் வேலைக்குச் செக்ரோலில் பெயர் ஏறுகிறது. எடைக்கணக்கும் கூலியும் உண்டு. இரவு வேலைக்கு எந்தப் பேரேடும் இல்லை. சந்தை அலங்காரத்திலிருந்து விடுபட்டு, வீட்டுப் பெண்களின் கூலியற்ற இரவில் போய்த் தங்கும் சிக்கனம் முழுமையான சிக்கனம் ஆகாது. வண்ணத்தாள் ஒட்டிய இளைஞரின் இரவும் பூத்தொடுத்த பெண்களின் இரவும் சேர்ந்தே அன்றைய பந்தல் நின்றது. இன்று கையலங்காரத்தை மீட்க விழைவோர் அந்தப் பங்கீட்டையும் சேர்த்தே மீட்க வேண்டும்.

பந்தலுக்கு மணல் சுமந்தவரிலிருந்து, முளைப்பாலிகைக்கு நீர் தெளித்தவர், துரை பங்களாவுக்கு டேலியா வெட்டிய தோட்டக்காரர், லயத்துத் திடலில் தாள் ஒட்டியவர் வரை, மண அலங்காரத்தின் வரலாறு பெயரில்லாதவர்களின் வரலாறாகவே இருந்துவந்திருக்கிறது. மணமக்கள் குடும்பத்தார் மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில், இன்னின்னார் தோரணம் கட்டினர், இன்னின்னார் பூத்தொடுத்தனர், இன்னின்னார் மேசைக்குப் பயறு முளைக்கவைத்தனர் என்று நான்கு வரி எழுதிவைத்தால் போதும். அடுத்த விசேஷத்தில் யாருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பது குடும்பத்துக்குத் தெரியும். எங்கும் எழுதப்படாத ஓர் உழைப்புக்கு, பின்னால் வரும் ஆய்வாளர் கையில் ஒரு சான்றும் கிடைக்கும்.